பிபிசி மைக்ரோ, டாஸ் பிசி, மேக் பிளஸ்: ஒன்றின் ஃப்ளாப்பியை இன்னொன்றில் படிக்க என்ன வழி?

#1 பாளை டீச்சர்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பரணிலிருந்து இறக்கிய சாமான்கள். எண்ணிக்கையோடு தருகிறேன்.

ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி 46. அதில் 27-ல் 'பிபிசி' என்று பேனாவில் எழுதியிருக்கிறது. மீதி 19-ம் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய பிசி). மூன்றரை அங்குலம் 14. பக்கத்து அச்சகம் கொடுத்தது, எல்லாம் மேக் (ஆப்பிள் மெக்கின்டாஷ்), அட்டையில் '800கே' என்றிருக்கிறது. உள்ளே தமிழ் வினாத்தாள்களும் ஃபான்ட்களும் இருக்கலாம் என்கிறார்கள்.

ஓடும் நிலையில் உள்ள மெஷின்கள்: 'யூனிகார்ன்' பெயர் போட்ட பிபிசி மைக்ரோ (1980-களின் பிரிட்டிஷ் பள்ளிக் கம்ப்யூட்டர்) ஒன்று, அதோடு 40 டிராக் (வட்டில் எழுதும் வட்டக்கோடு) டிரைவ். 1.2 எம்பி டிரைவும் 1.44 டிரைவும் உள்ள 486, டாஸ் 6.22. 360கே டிரைவ் உள்ள, அதைவிடப் பழைய பிசியான எக்ஸ்டி. மேக் பிளஸ். யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவோடு ஒரு லேப்டாப்.

பிபிசி வட்டை 486-ல் போட்டால் 'ஜெனரல் ஃபெயிலியர்'. மேக் வட்டை யூஎஸ்பி டிரைவில் போட்டால் ஃபார்மட் செய்யட்டுமா என்கிறது. டாஸ் வட்டு 486-ல் நன்றாகப் படிக்கிறது. ஆனால் அதில் ஒரு ஃபைலைத் திருத்திச் சேமித்து எக்ஸ்டிக்குக் கொண்டுபோனால் எக்ஸ்டி படிக்க மாட்டேன் என்கிறது. மூன்றும் ஒரே கோளாறா, வேறு வேறா?

#2 பேட்டை சால்டர்

மூணும் வேற வேற, டீச்சர். ஒவ்வொண்ணா வருவோம். அதுக்கு முன்னால ரெண்டு காரியம்.

எந்தத் திரை 'ஃபார்மட்' 'இனிஷியலைஸ்'னு கேட்டாலும் வேண்டாம்னு சொல்லிருங்க. 'எனக்கு இந்த எழுத்து தெரியாது'ங்கறதத்தான் அது அப்படிக் கேக்குது. அதை நம்பி ஆமான்னு ஒரு தட்டு தட்டினா கதை முடிஞ்சுது.

ரெண்டாவது, எல்லா வட்டையும் எழுத முடியாதபடி பூட்டுங்க. ஐந்தேகாலில் ஓரத்து வெட்டை மூடணும். மூன்றரையில் நேர் எதிர்: துளை திறந்திருந்தா பூட்டு. ஐந்தேகாலுக்கு செலோ டேப் ஒட்டாதீங்க. நிறைய டிரைவில் அந்த வெட்டை ஒளி வச்சுப் பார்க்கும்; கண்ணாடி மாதிரி டேப் வழியா ஒளி போயிரும், பூட்டினது மாதிரியே இருக்கும், பூட்டியிருக்காது. கறுப்பு எலக்ட்ரிக்கல் டேப் சின்னத் துண்டு போதும். படிச்சு முடிச்சதும் உரிச்சிருங்க. நம்ம ஊர் சித்திரை வெயிலுக்குப் பசை இளகி வழிஞ்சு ஹெட்டில் (வட்டைப் படிக்கிற முனை) ஒட்டும்.

இப்ப பிபிசி. 1984-ல் தொடங்கின 'கிளாஸ்'ங்கற அரசுக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த மெஷின் அது. யூனிகார்ன் பெயரில் போட்டது செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ்ங்கற அரசு நிறுவனம். சாதாரண பிபிசியில் இருக்கிற இன்டெல் 8271 கன்ட்ரோலர் (டிரைவை ஓட்டுற சிப்) 'எஃப்எம்'ங்கற பழைய பதிவு முறையில் மட்டுமே எழுதும். ஒரு டிராக்குக்கு 10 செக்டார் (டிராக்கின் ஒரு துண்டு), செக்டாருக்கு 256 பைட், 40 டிராக். கூட்டிப் பார்த்தா 1,02,400 பைட். பிசி எழுதுறது 'எம்எஃப்எம்'. 9 செக்டார், 512 பைட், ரெண்டு பக்கம். துடிப்புகளை டிராக்கில் அடுக்குற முறையே வேற. டாஸ் முதல் செக்டாரைத் தேடும், ஒண்ணுமே கிடைக்காது, 'ஜெனரல் ஃபெயிலியர்'னு கையை விரிச்சிரும்.

பிபிசி ரெண்டு தலைமுறை இருக்கு. உள்ளே 8271-க்குப் பதில் 1770 சிப் இருந்தா எம்எஃப்எம்-மும் வரும். மூடியைத் திறந்து சிப் மேல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.

#3 பாளை டீச்சர்

8271 என்றுதான் இருக்கிறது, அண்ணாச்சி.

#4 உப்பளக்காத்து

டீச்சர், ஒண்ணு கேக்கேன். பிபிசியும் ஓடுது, 486-ம் ஓடுது. பிறகு எதுக்கு வட்டோட மல்லுக்கட்டணும்? வயரைப் போட்டு இழுத்துருங்க. வட்டைப் படிக்கத் தெரிஞ்ச டிரைவ் பக்கத்திலேயே உக்காந்திருக்கு.

பிபிசியின் பின்பக்கம் 5 பின் வட்டச் சாக்கெட், 'ஆர்எஸ்423'. பிசியின் 9 பின் சீரியலோட இணைக்க ஐந்து வயர்:

பிபிசி டேட்டா அவுட் → பிசி 2
பிபிசி டேட்டா இன் → பிசி 3
பிபிசி 0 வோல்ட் → பிசி 5
பிபிசி ஆர்டிஎஸ் → பிசி 8
பிபிசி சிடிஎஸ் → பிசி 7

கடைசி ரெண்டும் ('அனுப்பலாமா', 'அனுப்பு'ன்னு சைகை காட்டுற வயர்) வேண்டாம்னு விட்டா பிபிசி சிடிஎஸ் வராமல் ஒரு எழுத்துகூட அனுப்பாமல் உக்காந்திருக்கும். அப்படி விடுறதா இருந்தா பிபிசி பக்கமே ஆர்டிஎஸ்ஸையும் சிடிஎஸ்ஸையும் ஒட்டிருங்க. இன்னொண்ணு: அந்த 5 பின் பிளக் தலைகீழாவும் உள்ளே போகும். நடுவில் 0 வோல்ட் இருக்கிறதால ஒண்ணும் புகையாது, ஆனா ஒண்ணும் வராது. வரலைன்னா முதல்ல பிளக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. பிறகு மேல்பக்கம் ஒரு பொட்டு வையுங்க.

பேசிக் புரோகிராமா இருந்தா இப்படி. கட்டளைகளைத் தமிழெழுத்தில் எழுதியிருக்கேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிங்க.

பிசியில் ஏதாவது டெர்மினல் புரோகிராம்: 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப். 'கேப்சர்' போட்டு ஒரு ஃபைல் பெயர் கொடுங்க. பிபிசியில் லோட் செய்துட்டு, *எஃப்எக்ஸ் 5,2 (பிரிண்டருக்குப் போறதை சீரியலுக்குத் திருப்பும்). *எஃப்எக்ஸ் 8,7 (அனுப்பும் வேகம் 9600). *எஃப்எக்ஸ் 6,0 (இதை விட்டா வரி இறக்கம் வராது, எல்லா வரியும் ஒண்ணு மேல ஒண்ணு விழும்). பிறகு கன்ட்ரோல்-பி (ஏ-க்கு அடுத்த பி), லிஸ்ட், முடிஞ்சதும் கன்ட்ரோல்-சி.

லிஸ்ட் வழியா எடுக்கிறதுதான் நல்லது. பேசிக் ஃபைல் வட்டில் கிடக்கும்போது 'பிரிண்ட்' மாதிரிச் சொல் எல்லாம் ஒரே ஒரு பைட்டா சுருங்கிக் கெடக்கும். அப்படியே காப்பியடிச்சா பிசியில் குப்பையாத் தெரியும்.

#5 பேட்டை சால்டர்

உப்பளம் அண்ணாச்சி சொல்றது ரெண்டு மூணு புரோகிராமுக்குச் சரி. 27 வட்டுக்கு? 9600-ல் நொடிக்கு சுமார் 960 பைட். ஒரு வட்டு 1,02,400. கணக்குக்கு ஒண்ணே முக்கால் நிமிஷம். ஆனா லிஸ்ட் போட்டு, பெயர் கொடுத்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் கேப்சர் திறந்து மூடி... ஒரு வட்டில் 31 ஃபைல் வரைக்கும் இருக்கலாம் வே. கை ஓஞ்சிரும். தவிர 'வியூ'ங்கற பிபிசி எழுத்துப் புரோகிராமில் அடிச்ச கடிதம், மார்க் பட்டியல் டேட்டா இதெல்லாம் லிஸ்ட்டில் வராது. அதுக்கு கெர்மிட் மாதிரி எந்த வகை ஃபைலையும் அப்படியே சுமக்கிற அனுப்புப் புரோகிராம் ஒண்ணு வேணும்.

எனக்குக் கேட்டா, கிரீஸ்வீசல் போர்டு ஒண்ணு வாங்குங்க. யூஎஸ்பியில் மாட்டுற சின்னப் பலகை. மறுபக்கம் 34 பின் ரிப்பன். வட்டில் என்ன எழுத்து இருக்குன்னு அது யோசிக்கவே செய்யாது. ஹெட்டுக்கு அடியில் காந்தம் எப்பெப்ப புரளுதோ அந்த நேரங்களை மட்டும் குறிச்சு வச்சுக்கும். எஃப்எம்-ஆ, எம்எஃப்எம்-ஆ, ஆப்பிளின் ஜிசிஆரா எல்லாம் பொறவு சாஃப்ட்வேர் பாத்துக்கும். உங்க பிபிசிக்கும் மேக்குக்கும் ஒரே பலகை போதும். யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் இந்தச் சோலிக்கு ஆகாது. அது தானே செக்டாரா பிரிச்சுத்தான் தரும், 720கே, 1.44 ரெண்டையும் தாண்டி அதுக்கு உலகம் கிடையாது.

மாட்டுறது: 486-லிருந்து 1.2 டிரைவைக் கழட்டுங்க. 5.25 டிரைவின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேணும், யூஎஸ்பியால் கொடுக்க முடியாது. பழைய ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் ஒண்ணு எடுத்து, பெரிய பிளக்கில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் சின்னக் கம்பியால் இணைச்சா தானே ஓடும். டிரைவுக்குப் பெரிய 4 பின் மோலெக்ஸ். ரிப்பனில் முறுக்கு இருந்தா டிரைவ் ஏ அல்லது பி, முறுக்கு இல்லைன்னா 0 அல்லது 1ன்னு கட்டளையில் சொல்லணும். இதைத் தப்பாச் சொன்னா மோட்டாரே சுத்தாது. போர்டு செத்துட்டுன்னு நினைச்சிராதீங்க.

உங்க வட்டு 40 டிராக், டிரைவ் 80 டிராக். அதனால 'ஸ்டெப் 2' கொடுக்கணும், ஹெட் ஒரு டிராக் விட்டு ஒரு டிராக் தாண்டும். மறந்தா, ஒரே டிராக்கை ரெண்டு தடவை படிச்சுட்டு, பாதி வட்டோட நின்னுட்டு, மீதி எல்லாம் பிழைன்னு சிவப்புக் கோடு கிழிக்கும்.

முதல்ல நேரா சாதாரண பிபிசி வட்டு நகலான எஸ்எஸ்டி ஃபைலா எடுக்காதீங்க. ஃபிளக்ஸாவே (அந்தக் காந்தப் புரளல் நேரங்களாவே), மூணு சுத்து, எஸ்சிபி ஃபைலா எடுத்து வையுங்க. பொறவு அந்த ஃபைலை 'அகார்ன் டிஎஃப்எஸ்' வடிவத்துக்கு கன்வர்ட் போடுங்க. சரியா வரலைன்னா வட்டைத் திருப்பித் தொடவேண்டாம், ஃபைலை வச்சே எத்தனை தடவை வேணும்னாலும் முயற்சி செய்யலாம். இப்பவோ அப்பவோன்னு இருக்கிற வட்டுக்கு ஒவ்வொரு சுத்தும் தேய்மானம்.

#6 உப்பளக்காத்து

போர்டு வாங்காமலும் முடியும். 486 கையில் இருக்கே. டாஸில் ஓடும் வட்டு நகலெடுப்புப் புரோகிராம் 'இமேஜ்டிஸ்க்'கோட 'டெஸ்ட்எஃப்டிசி'ன்னு ஒரு புரோகிராம் வரும். அந்த மதர்போர்டின் கன்ட்ரோலர் எஃப்எம் படிக்குமான்னு சோதிச்சுச் சொல்லிரும். சிப் வகையா பிசி கன்ட்ரோலரான 765 குடும்பம் எஃப்எம் தெரிஞ்சதுதான். பலகையில் அதுக்கான இணைப்பை விட்டுட்டானா இல்லையாங்கறதுதான் கேள்வி. காசில்லாம ஒரு சோதனை, பாத்துரலாமே.

#7 பேட்டை சால்டர்

பாருங்க, தப்பில்ல. ஒரு எச்சரிக்கை: எஃப்எம் படிக்கிற பலகையிலும் சில நேரம் ஒவ்வொரு டிராக்கிலும் 0-ஆவது செக்டார் மட்டும் காணாமப் போகும். இன்டெக்ஸ் துளை (சுத்து தொடங்குற இடத்தைக் காட்டுறது) கடந்ததும் 765 ஒரு கணம் கண்ணை மூடிக்கும். 8271 ஃபார்மட் செய்த வட்டில் முதல் செக்டார் அந்த இடைவெளிக்குள்ளயே ஆரம்பிச்சிருக்கும். வட்டு கெட்டுப்போச்சுன்னு தூக்கி எறிஞ்சிராதீங்க. அந்த நோய் கிரீஸ்வீசலில் கிடையாது.

#8 பாளை டீச்சர்

போர்டு ஆர்டர் போட்டாயிற்று. வரும்வரை டாஸ் வட்டுக் கதையைச் சொல்லுங்கள். 486 எழுதியதை எக்ஸ்டி ஏன் படிக்கவில்லை? இரண்டும் டாஸ்தானே?

#9 பேட்டை சால்டர்

டாஸ்தான். எழுதின பேனாவின் முனைதான் வேற.

360கே டிரைவின் ஹெட் எழுதுற கோடு சுமார் 0.33 மில்லிமீட்டர் அகலம். 1.2 டிரைவ் 80 டிராக்கை அதே இடத்தில் அடைக்கணும், அதனால கோடு பாதி, 0.16. பழைய 360 வட்டை 486-ல் போட்டுத் திருத்தினீங்கன்னா, அகலமான பழைய கோட்டுக்கு நடுவில் ஒல்லியா புதுக்கோடு விழும். ரெண்டு ஓரத்திலும் பழையது அப்படியே கெடக்கும். 486-க்கு நடுக்கோடு மட்டும் தெரியும், அதனால 'நல்லாத்தானே இருக்கு'ன்னு சொல்லும். எக்ஸ்டியின் அகல ஹெட் ரெண்டையும் சேர்த்துக் கேட்கும். ஒரே நேரத்தில் ரெண்டு பேர் பேசினா என்ன விளங்கும்?

அதனால முறை இது. 486-லிருந்து எக்ஸ்டிக்குப் போற வட்டு எந்த 360 டிரைவும் தொடாத வட்டா இருக்கணும். புது டிடி (360கே வகை) வட்டு, இல்லைன்னா காந்தத்தால் முழுசா அழிச்ச வட்டு. அதை 486-ல் 'ஃபார்மட் ஏ: /4' போட்டு, அங்கேயே எழுதி, எக்ஸ்டியில் படிக்க மட்டும் செய்யணும். எக்ஸ்டி அதில் ஒரு தடவை எழுதிட்டா அந்த வட்டு இனிமே எக்ஸ்டிக்கே சொந்தம்.

#10 உப்பளக்காத்து

அழிக்கிறதுக்குக் காந்தம் எதுக்கு வே? 486-ல் மறுபடி ஃபார்மட் போட்டாப் போதாதா?

#11 பேட்டை சால்டர்

போதாது வே. ஃபார்மட் போடுறதும் அதே ஒல்லி ஹெட்தான். ஓரத்தில் கெடக்கிற பழசை அது தொடவே தொடாது. எக்ஸ்டியிலேயே ஃபார்மட் போட்டுட்டு 486-ல் எழுதினாலும் அதே கதி.

அழிக்க: பழைய ஸ்பீக்கர் காந்தம். வட்டின் ரெண்டு பக்கமும் வட்டமாத் தேச்சு, தேச்சுக்கிட்டே பைய மேல தூக்கி ஒரு முழம் தள்ளிக் கொண்டுபோங்க. சடக்குன்னு எடுத்தா ஒரு அடையாளம் விழுந்திரும். மத்த வட்டு எதுவும் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது.

இன்னொரு பொறி: 1.2 எம்பி வட்டு மலிவாக் கெடைக்குதேன்னு அதை 360-ஆ ஃபார்மட் செய்யாதீங்க. டிடி பூச்சில் எழுத வேண்டிய காந்த பலம் சுமார் 300 ஒயர்ஸ்டெட், ஹெச்டி (1.2 எம்பி வகை) பூச்சுக்கு சுமார் 600. 360 டிரைவோட எழுத்து அதில் பதியவே பதியாது. மூன்றரையில் இந்த வித்தியாசம் கொஞ்சம்தான், அதனால அங்க ஓரளவு ஓடும்.

#12 உப்பளக்காத்து

சரி, ஒத்துக்கிடுதேன். ஆனா இதுக்கும் என் பதில் வயர்தான். 486-ல் டாஸ் 6.22 இருக்கு, அதில் ரெண்டு பிசியை வயரில் இணைக்கிற 'இன்டர்லிங்க்' கூடவே வரும். எக்ஸ்டியில் அந்த ஃபைல் இல்லையேன்னு கவலைப்படவேண்டாம்: 'இன்டர்எஸ்விஆர் /ஆர்காப்பி'ன்னு 486-ல் அடிச்சா, தன்னையே சீரியல் வழியா எக்ஸ்டிக்கு அனுப்பிரும். அதுக்கு மூணு வயர் கேபிள் ஆகாது, ஆர்டிஎஸ், சிடிஎஸ் எல்லாம் சேர்ந்த ஏழு வயர் நல் மோடம் கேபிள் (ரெண்டு பிசியை நேரா இணைக்கிறது) வேணும். எக்ஸ்டியில் 'மோட்' கட்டளை இருக்கணும். அவ்வளவுதான்.

#13 சாரல்

மேக் வட்டுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. தென்காசியிலிருந்து நான் எட்டிப் பார்க்கிறேன்.

டீச்சர், 800கே வட்டில் மேக் பிளஸ் ஒரு வித்தை செய்கிறது. ஓரத்து டிராக்குகள் நீளமானவை என்பதால் அங்கே அதிக செக்டார் வைக்கும், உள்ளே போகப் போகக் குறைக்கும். 16 டிராக்குக்கு ஒரு வட்டாரமாக 12, 11, 10, 9, 8. அதற்காக மோட்டாரின் வேகத்தையே மாற்றும். பிசி டிரைவின் வேகம் மாறாது, அதன் கன்ட்ரோலருக்கு ஜிசிஆரும் தெரியாது. கிரீஸ்வீசலுக்கு இது பிரச்சினை இல்லை: சாதாரண 1.44 பிசி டிரைவிலேயே படித்துவிடும், நேர வித்தியாசத்தைக் கணக்கில் சரிசெய்துகொள்ளும். வடிவப் பெயர் 'மேக் 800'.

ஆனால் வட்டுகளை முதலில் உற்றுப் பாருங்கள். எழுத்துப் பூட்டுத் துளைக்கு எதிர்மூலையில் இன்னொரு துளை இருந்தால் அது ஹெச்டி வட்டு. மேக் பிளஸ் அந்தத் துளையைப் பார்ப்பதில்லை, ஹெச்டி வட்டையும் 800கே ஆக ஃபார்மட் செய்துவிடும். அதே வட்டைப் பிற்கால மேக்கில் போட்டால், துளையைப் பார்த்து 1.44 என்று முடிவு கட்டி, படிக்க முடியவில்லை, இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்கும். துளையை ஒளி புகாத டேப்பால் மூடினால் உடனே படிக்கும்.

மேக் பிளஸ்ஸில் வட்டைப் போடும் முன் டிரைவைத் திறந்து பாருங்கள். வட்டை வெளியே தள்ளும் பொறியமைப்பின் கிரீஸ் இத்தனை வருடத்தில் மெழுகாக இறுகியிருக்கும். வட்டு உள்ளே போகும், இறங்காது, வெளியேயும் வராது. அப்போது குறடால் இழுத்தால் மேல் ஹெட் பிய்ந்து கையோடு வந்துவிடும். பழைய கிரீஸை ஐசோபுரொப்பைலால் துடைத்து எடுத்துவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் தீக்குச்சி முனை அளவு தடவுங்கள். ஒரு வெற்று வட்டை இருபது தடவை போட்டு எடுத்த பிறகு அசல் வட்டு.

#14 சாரல்

முந்தையதில் விட்டது. அதுதான் முக்கியம்.

மேக் ஃபைலுக்கு இரண்டு கிளைகள்: டேட்டா ஃபோர்க், ரிசோர்ஸ் ஃபோர்க். அந்தக் காலத்து ஃபான்ட் ஃபைலில் டேட்டா ஃபோர்க் வெறுமை, உள்ளதெல்லாம் ரிசோர்ஸில். ஃபான்ட்டைப் பிசி வட்டுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, பிசியில் பார்த்தால் 0 பைட். யாரோ அழித்துவிட்டார்கள் என்று நினைப்போம். இழுக்கும்போது ஒரு கிளை முறிந்து விழுந்ததுதான் காரணம்.

ஆகவே வட்டு பிம்பத்தை (கிரீஸ்வீசல் எடுத்த முழு நகல் ஃபைல்) அப்படியே வைத்து, பிம்பத்தை ஒரு மேக் எமுலேட்டரில் (மேக்கைப் போல நடிக்கும் புரோகிராம்) திறந்து, அங்கேயே ஸ்டஃப்இட்டில் சுருக்கிக் கட்டி, பின்ஹெக்ஸ் ஆக்கி, அதன் பிறகு வெளியே எடுங்கள். பின்ஹெக்ஸ் வெறும் எழுத்து ஃபைல், எந்த வயரிலும் எந்த வட்டிலும் சேதமில்லாமல் போகும். இன்றைய மேக்கில் நேரே திறக்கப் பார்க்காதீர்கள்; பழைய மேக் வட்டுகளின் ஹெச்எஃப்எஸ் அமைப்பைப் படிப்பதை கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். லினக்ஸில் ஹெச்எஃப்எஸ்யூட்டில்ஸ் படிக்கும்.

#15 பாளை டீச்சர்

போர்டு வந்தது. மேக் வட்டு 14-ல் 13 வந்துவிட்டன, சாரல் அக்கா. ஒன்றில் மட்டும் நடுவில் ஒரு வட்டாரம் முழுக்கப் பிழை. வட்டின் உலோக மூடியைத் தள்ளிப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள். ஐந்தேகாலிலும் மூன்றில் அப்படி இருக்கிறது.

#16 சாரல்

பூஞ்சை. எங்கள் பக்கம் ஆனி ஆடிச் சாரலில் பெட்டிக்குள் இருக்கும் எதிலும் வரும், பாளையில் பரணுக்கு ஓடு ஒழுகியிருக்க வேண்டும். அந்த வட்டுகளை இனி டிரைவில் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடுத்த வட்டையும் வட்டமாகச் சீவும். போட்ட டிரைவை இப்போதே சுத்தம் செய்யுங்கள்.

ஐந்தேகால் வட்டு: உறையின் ஒரு விளிம்பைக் கத்தியால் பிளந்து, கறுப்புத் தட்டை நடு ஓட்டையிலும் விளிம்பிலும் மட்டும் பிடித்து வெளியே எடுங்கள். 99 சதவீத ஐசோபுரொப்பைல், பஞ்சு உதிராத துணி. நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்காமல், டிராக் போகும் போக்கில் சுற்றித் துடைக்க வேண்டும். அழுத்தம் வேண்டாம், துணியில் காப்பி நிறம் வந்தால் நிறுத்துங்கள், அது பூஞ்சை இல்லை, பூச்சு. கால் மணி நேரம் உலரவிட்டு, வேண்டாத வட்டு ஒன்றின் சுத்தமான உறைக்குள் செருகுங்கள். பழைய உறையின் உள்துணியில் பூஞ்சை அப்படியே இருக்கும், திரும்ப அதற்குள் போடக்கூடாது. எந்தப் பக்கம் மேல் என்று நடுவில் பென்சிலால் முன்பே குறித்துக்கொள்ளுங்கள், வெளியே எடுத்த பிறகு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம். அதில் தண்ணீரும் வேறு சேர்மானமும் உண்டு, காய்ந்ததும் படலம் நிற்கும்.

#17 உப்பளக்காத்து

ஹெட் துடைக்கும்போது மேல் ஹெட்டைத் தாங்குற தகட்டை ரொம்பத் தூக்கிராதீங்க. ஸ்பிரிங் வளைஞ்சா ரெண்டு ஹெட்டும் நேர்கோட்டில் உக்காராது, அந்த டிரைவ் அதோட தீந்துது. பஞ்சு முனை நுழையிற அளவு போதும். ஹெட் ஓடுற ரெயிலில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. எங்க ஊர் உப்புக்காத்துக்கு அந்த ரெயில்தான் முதல்ல துரு பிடிக்கும். ஹெட் பாதியில சிக்கி நின்னா 'செக்டார் நாட் ஃபவுண்ட்'னு வட்டு மேல பழி போகும்.

#18 பாளை டீச்சர்

துடைத்த நான்கில் மூன்று வந்துவிட்டன, மேக் உள்பட. நன்றி.

அடுத்த சிக்கல். டாஸ் வட்டுகளில் வினாத்தாள் ஃபைல்கள் வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுத்துப் புரோகிராமில் இருக்கின்றன. ஆங்கிலத் தாளில் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கோணலாக வருகிறது. தமிழ்த் தாள் முழுக்கவே குப்பை. இணையத்தில் கிடைத்த ஒரு வேர்ட்ஸ்டார் மாற்றியில் போட்டேன், ஆங்கிலம் சரியாகிவிட்டது, தமிழ் இன்னும் மோசம். வெறும் எண்களும் குறிகளும்.

#19 சாரல்

அசல் ஃபைல் பத்திரமாக இருக்கிறதல்லவா? மாற்றியில் போட்டதைத் தூக்கி எறியுங்கள்.

வேர்ட்ஸ்டார் சொல்லின் கடைசி எழுத்தில் எட்டாவது பிட்டை ஏற்றிவைக்கும். 'மார்க்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எஸ்ஸுக்கு எண் 115. வேர்ட்ஸ்டார் ஃபைலில் அது 243 ஆக இருக்கும், 128 கூடுதல். மாற்றி என்ன செய்கிறது? எல்லா பைட்டிலிருந்தும் அந்த 128-ஐக் கழிக்கிறது. ஆங்கிலம் பிழைத்துவிடும்.

தமிழ் குடியிருப்பதே 128-க்கு மேல். இந்திய மொழிகளுக்கான ஜிஸ்ட் கார்டு போட்ட பிசியில் அடித்ததாக இருந்தால் அது இந்திய மொழிகளின் பொதுத் தரமான இஸ்கி குறியீடு. அதில் 'க' 179. 128-ஐக் கழித்தால் 51, அதாவது '3' என்ற இலக்கம். நீங்கள் பார்த்த எண்களெல்லாம் அப்படிப் பிறந்தவைதான்.

சோதிக்க, அசல் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை எண்ணாகக் காட்டும் புரோகிராம்) திறந்து ஒரு தமிழ் வரியில் 'கொ' அல்லது 'கை' வரும் இடத்தைத் தேடுங்கள். வினாத்தாளில் 'கொடுக்க' இல்லாமல் இருக்காது. க-வின் எண் முதலில் வந்து உயிர்க்குறி பின்னால் வந்தால் இஸ்கி; யூனிகோடும் அதே வரிசை என்பதால் அட்டவணை போட்டு மாற்றுவது எளிது. கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால் என்று மூன்று பைட் வந்தால் அது ஃபான்ட் குறியீடு, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடித்தது. அதற்கு கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

அச்சகத்து மேக் ஃபைல்கள் நிச்சயம் இரண்டாவது வகை. 1999-ல் டாம், டாப் என்ற தமிழ் ஃபான்ட் குறியீட்டுத் தரங்கள் வரும் முன் ஒவ்வொரு ஃபான்ட் கடைக்கும் ஒரு குறியீடு. எந்த ஃபான்ட்டில் அடித்ததோ அதே ஃபான்ட் கையில் இல்லாமல் எழுத்தை ஊகிக்க முடியாது. ரிசோர்ஸ் ஃபோர்க்கை விடாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டது அதற்குத்தான்.

வரி முடிவையும் கவனியுங்கள். பிபிசி, மேக் இரண்டிலும் 13 மட்டும். டாஸில் 13, 10. வேர்ட்ஸ்டார் தானே மடித்த வரியில் 141 இருக்கும். இதை மட்டும் தனியாக இடைவெளியாக மாற்றுங்கள்.

#20 பேட்டை சால்டர்

சாரல் அக்கா சொன்னதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. பிபிசி என்னாச்சு டீச்சர்?

#21 பாளை டீச்சர்

27-ல் 21 வந்துவிட்டன, பிபிசி எமுலேட்டரான பீப்எம்மில் ஓடுகின்றன. மீதி ஆறு இரண்டு விதம். இரண்டு வட்டில் உறையில் இரண்டு வெட்டுகளும் இரண்டு இன்டெக்ஸ் துளைகளும் இருக்கின்றன. முன்பக்கம் வருகிறது, பின்பக்கத்தை 'ஹெட் 1' என்று கொடுத்தால் ஒன்றுமில்லை. மற்ற நான்கு விசித்திரம். அசல் பிபிசியில் *கேட் (பெயர்ப்பட்டியல் கட்டளை) போட்டால் ஃபைல் பெயரெல்லாம் அழகாக வருகிறது. லோட் செய்தால் 'டிஸ்க் ஃபால்ட்'. கிரீஸ்வீசலிலும் முதல் டிராக் மட்டும் சரி, மற்றவை பாதி பாதியாகக் குழம்பி வருகின்றன.

#22 பேட்டை சால்டர்

முதல் ரெண்டும் ஒத்தை ஹெட் டிரைவில் திருப்பிப் போட்டு எழுதினது. பின்பக்கம் எதிர்த்திசையில் ஓடும். தவிர ரெண்டாவது ஹெட் முதல் ஹெட்டுக்கு நேரா இருக்காது, எட்டு டிராக் உள்ளே தள்ளி இருக்கும். அதனால ஹெட் 1-ஆல் படிக்க வராது. வட்டைக் கையால் திருப்பிப் போட்டு, ஹெட் 0-லேயே எடுங்க. ரெண்டாவது இன்டெக்ஸ் துளை இருக்கிறதால ஓடும்.

அந்த நாலும் 80 டிராக் வட்டு. 0-ஆவது டிராக் ரெண்டு வகைக்கும் ஒரே இடத்தில் இருக்கும், பெயர்ப்பட்டியலும் அங்கதான். அதனால *கேட் வரும். அடுத்த டிராக்குக்கு 40 டிரைவ் ரெண்டடி தாண்டிப் போயிரும். கிரீஸ்வீசலில் நீங்க 'ஸ்டெப் 2'-ஐ நீக்காம விட்டிருப்பீங்க. அதை நீக்கிட்டு, 0 முதல் 79 வரை, வடிவம் 'எஸ்எஸ்80'ன்னு கொடுங்க. உறுதிப்படுத்தணும்னா முதல் டிராக்கின் 1-ஆவது செக்டாரில் 6, 7-ஆவது பைட்டைப் பாருங்க: மொத்த செக்டார் கணக்கு அதில் இருக்கும். ஹெக்ஸில் 190 வந்தா 40 டிராக், 320 வந்தா 80.

#23 பாளை டீச்சர்

நான்கிலும் 320. ஸ்டெப் 2-ஐ நீக்கிவிட்டேன், நான்கும் பிழையில்லாமல் வந்தன. திருப்பிப் போட்டதில் ஒன்று முழுசாக வந்தது, இன்னொன்றில் 31, 32-ஆவது டிராக் மட்டும் மூன்று சுற்றிலும் பிழை.

#24 பேட்டை சால்டர்

அதை மட்டும் பத்து சுத்து கொடுத்து எடுத்துப் பாருங்க, ஹெட்டைத் துடைச்சிட்டு. அப்பவும் வரலைன்னா அசல் பிபிசி டிரைவில் போட்டு, அந்த டிராக்கில் இருக்கிற ஃபைலை மட்டும் உப்பளம் அண்ணாச்சியின் வயரில் இழுங்க. அகல ஹெட்டுக்குக் கேக்கிறது சில நேரம் ஒல்லி ஹெட்டுக்குக் கேக்காது.

#25 உப்பளக்காத்து

கடைசியில வயருக்கே வந்தீரா வே. டீச்சர், பொட்டு வச்ச பக்கம் மேல இருக்கணும்.